ஹியூகோ விருதில் நடந்தது என்ன: 1939 முதல் செங்டு வரை

2024 ஜனவரி 20ஆம் தேதி ஒரு பிடிஎஃப் கோப்பு வெளியானது. மூன்று மாதம் முன்பு சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், அதாவது வேர்ல்ட்கானில், அறிவியல் புனைகதைக்காக மாநாட்டு உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கிற ஹியூகோ விருதுக்கு யார் யாருக்கு எத்தனை பரிந்துரை வந்தது என்ற கணக்கு அது. வழக்கமாக இந்தக் கணக்கை விருது கொடுத்த அன்று ராத்திரியே வெளியிட்டுவிடுவார்கள், ஜெயித்தவர்கள் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தோற்றவர்கள் எத்தனை ஓட்டில் தோற்றோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விதிப்படி 90 நாள் வரை அவகாசம் உண்டு. செங்டு குழு சரியாக 90ஆவது நாள் வரை இழுத்தது.

திறந்து பார்த்தால், பரிந்துரையில் முன்னணியில் இருந்த சிலருக்கு எதிரே 'தகுதியில்லை' என்று மட்டும் போட்டிருந்தது. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல், அதே வருடம் நெபுலா விருதும் லோகஸ் விருதும் வாங்கிய புத்தகம், தகுதியில்லை. புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதுக்கு வந்திருந்த ஷிரான் ஜே ஜாவோ, தகுதியில்லை. ரசிக எழுத்தாளர் பிரிவில் பால் வைமர், தகுதியில்லை. 'சாண்ட்மேன்' தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயமும் அப்படியே. ஏன் என்று கேட்டதற்கு, அமைப்பு விதிகளைப் பார்த்து முடிவு செய்தோம் என்பதைத் தாண்டி விருது நிர்வாகியிடமிருந்து பதில் வரவில்லை. அமைப்பு விதிகளோ எல்லோரும் படிக்கக்கூடியவை, அவற்றில் இந்த நாவலைத் தள்ள எந்த வழியும் கிடையாது.

இந்த விவகாரத்தைச் சீனத் தணிக்கை என்ற ஒரே வரியில் பலர் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த விருதின் வரலாற்றை முதலிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது: ஓட்டு முறையை எத்தனை தடவை செப்பனிட்டாலும், கடைசியில் இந்த விருதைக் காப்பாற்றியது எண்ணிக்கையை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற ஒரு பழைய விதிதான். அதை ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

வாசலில் ஆறு பேர்

1939 ஜூலை 2. நியூயார்க்கில் 'நாளைய உலகம்' என்ற பெயரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். அதை ஒட்டி மன்ஹாட்டன் 59ஆம் தெருவில் காரவன் ஹால் என்ற இடத்தில் முதல் வேர்ல்ட்கானுக்காகச் சுமார் 200 பேர் கூடினார்கள். பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றியிருந்த பையன்கள், அறிவியல் புனைகதை இதழ்களின் வாசகர் கடிதப் பகுதி வழியாக ஒருவரையொருவர் தெரிந்துகொண்டவர்கள். 18 வயது ரே பிராட்பரி கடன் வாங்கி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், கடன் கொடுத்தவர் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மன். அக்கர்மனும் மர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடையணிந்து வந்தார்கள், அந்த உடைகளைத் தைத்தவர் மர்டில். இன்று காஸ்ப்ளே என்று உலகம் முழுக்க நடப்பதற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

அந்த முதல் நாளே சண்டை. மாநாட்டை நடத்தியது சாம் மாஸ்கோவிட்ஸ், வில் சைகோரா, ஜேம்ஸ் டோராசி ஆகிய மூவர் அணி. அவர்களுக்கு எதிரணி ஃபியூச்சரியன்ஸ் என்ற இடதுசாரிச் சாய்வுள்ள குழு. ஹாலுக்குள் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு கட்டு மஞ்சள் துண்டுப் பிரசுரம் ஒளித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. எச்சரிக்கை என்று தலைப்பிட்டு, அமைப்பாளர்கள் சர்வாதிகாரிகள், ஏமாறாதீர்கள் என்கிற மாதிரி எழுதியிருந்த பிரசுரம். ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுத்தால் உள்ளே வரலாம் என்றார்கள், ஆறு பேர் மறுத்தார்கள், ஆறு பேரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். டொனால்ட் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், ராபர்ட் லவுண்ட்ஸ், ஜான் மிஷெல், ஜாக் கில்லெஸ்பி. அதே குழுவில் இருந்த 19 வயது ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார். பிரசுரத்தை அச்சடித்த டேவிட் கைலும் உள்ளேதான் இருந்தார்!

அந்த ஆறு பேரில் வோல்ஹைம் பின்னாளில் டா புக்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார். போல் இதழாசிரியராக 1966, 67, 68 என மூன்று வருடம் தொடர்ந்து ஹியூகோ வாங்கினார், 1978இல் நாவலுக்கு வாங்கினார், அப்புறம் 2010இல் 90 வயதில் சிறந்த ரசிக எழுத்தாளருக்கான ஹியூகோவும் வாங்கினார். டேவிட் கைல் 1956இல் அதே நியூயார்க்கில் நடந்த வேர்ல்ட்கானுக்குத் தலைவரே ஆனார். வெளியே தள்ளினாலும் விட்டுவிட்டுப் போகாத கூட்டம் இது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு நெருக்கடியிலும் சம்பளமில்லாத யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கிறாரே, அது இந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சிதான்.

ராக்கெட்டும் விதிப்புத்தகமும்

போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, மாநாடு நடக்கவில்லை. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தபோது, திரைப்படத்துக்கு ஆஸ்கர் கொடுக்கிற மாதிரி நாமும் கொடுத்தால் என்ன என்று ஹால் லிஞ்ச் என்ற ரசிகர் யோசனை சொன்னார். 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கோப்பையாக ராக்கெட் வேண்டும் என்று முடிவானது. உள்ளூர் ரசிகர் ஜாக் மெக்நைட் அதைத் தானே லேத்தில் கடைந்து செய்தார், அந்த வேலையில் மாட்டிக்கொண்டு மாநாட்டின் பெரும்பகுதியை அவர் பார்க்கவே முடியாமல் போனது. ஆல்ஃப்ரெட் பெஸ்டரின் 'தி டிமாலிஷ்ட் மேன்' முதல் நாவல் விருதைப் பெற்றது. அடுத்த வருடம் விருதே இல்லை. 1955இல் கிளீவ்லாந்தில் மறுபடி தொடங்கி அன்றிலிருந்து நிலைத்தது.

இந்த மாநாட்டுக்கு நிரந்தர அலுவலகம், சம்பள ஊழியர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு குழு. எந்த ஊர் என்பதை உறுப்பினர்களே இரண்டு வருடம் முன்னதாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். உலக அறிவியல் புனைகதைச் சங்கம் என்பது பதிவுகூடச் செய்யாத ஒரு சங்கம், அந்த வருடம் சந்தா கட்டியவர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். பொதுக்குழுவில் கலந்துகொள்ளும் உறுப்பினர்கள் விதிகளைத் திருத்தலாம், ஆனால் ஒரு திருத்தம் அடுத்தடுத்து இரண்டு மாநாடுகளில் நிறைவேற வேண்டும். கோபத்தில் ஒரே நாளில் எதையும் மாற்றிவிட முடியாதபடி வைத்த ஏற்பாடு.

விருதுக்கு நடுவர் குழு கிடையாது. உறுப்பினர்கள் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பெயர் வரை பரிந்துரைக்கலாம். 2016 வரை, அதிகப் பரிந்துரை பெற்ற ஐந்து இறுதிப் பட்டியலுக்குப் போயின. இரண்டாம் சுற்றில் பட்டியலில் இருப்பவற்றை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போட வேண்டும். கூடவே 'விருது இல்லை' என்று ஒரு வேட்பாளரும் உண்டு. இருப்பவற்றில் எதுவுமே தேறாது என்று நினைத்தால் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

திறந்து கிடக்கிற வீட்டுக்குள் யாராவது நுழைந்து பார்க்கத்தானே செய்வார்கள். 1987இல் சயன்டாலஜி நிறுவனர் எல். ரான் ஹப்பர்டின் 'பிளாக் ஜெனசிஸ்' நாவல், அவருடைய ஆதரவாளர்கள் மொத்தமாகப் பரிந்துரைத்ததால் இறுதிப் பட்டியலில் ஏறியது. இரண்டாம் சுற்றில் 'விருது இல்லை'க்கும் கீழே போய் கடைசியில் விழுந்தது. ஆக பரிந்துரைச் சுற்றைச் சிறு கூட்டம் பிடித்துவிடலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இறுதிச் சுற்று காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் யாரும் விதியைத் தொடவில்லை.

2015: ஸ்போகேன்

அமெரிக்க எழுத்தாளர் லாரி கொரியா 2013இல் தன் வாசகர்களிடம் ஒரு பிரசாரம் தொடங்கினார். ஹியூகோ என்பது ஒரு சின்ன வட்டத்தின் இலக்கிய ருசிக்கும் இடதுசாரி அரசியலுக்கும் போய்விட்டது, ஜனங்கள் விரும்பிப் படிக்கிற சாகசக் கதைக்கு அங்கே இடமில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சேட் பப்பீஸ் என்று அதற்குப் பெயர். 2015இல் பிராட் டார்கர்சன் அதை முன்னெடுத்தார், கூடவே தியோடர் பீல் என்ற பதிப்பாளர் ரேபிட் பப்பீஸ் என்று இன்னும் கடுமையான ஒரு பட்டியலை வெளியிட்டு, அதில் உள்ளபடியே பரிந்துரைக்கச் சொன்னார். ஓட்டுரிமைச் சந்தா அப்போது 40 டாலர்.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை. அணிப் பட்டியல் போடக்கூடாது என்று ஹியூகோ விதிகளில் எங்கேயும் கிடையாது.

சிறுகதைப் பிரிவைப் பார்த்தால் என்ன நடந்தது என்று விளங்கும். 1,174 பேர் பரிந்துரைத்தார்கள். அவர்கள் சொன்ன கதைகள் 700க்கும் மேல். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சிறுகதை வருகிறபோது ஓட்டு அப்படித்தான் சிதறும். பட்டியலில் இடம்பிடித்த ஐந்து கதைகளுக்குக் கிடைத்த ஓட்டு 151 முதல் 230 வரை. அதாவது இருநூறு பேர் சொல்லிவைத்து ஒரே மாதிரி எழுதினால் போதும், மீதி 900 பேர் தனித்தனியாக யோசித்து எழுதியது வீண். ஐந்து பிரிவுகளில் இறுதிப் பட்டியல் முழுக்கவே அணிப் பட்டியலிலிருந்து வந்தது.

பட்டியலில் தன் சம்மதம் இல்லாமலோ, இதன் பின்னணி தெரியாமலோ சேர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனி பெல்லெட் தன் சிறுகதையை விலக்கிக்கொண்டார். மார்கோ க்ளூஸ் தன் நாவலை விலக்கிக்கொண்டார். க்ளூஸ் காலி செய்த இடத்துக்கு அடுத்த வரிசையிலிருந்து ஏறியது லியு சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்', கென் லியு சீனத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது.

ஆகஸ்ட் 22, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன். சுற்றுவட்டாரத்தில் காட்டுத்தீ, ஊரெங்கும் புகை. இறுதிச் சுற்றில் 5,950 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதற்கு முந்தைய சாதனை லண்டனில் 2014இல் பதிவான 3,587. நாவல் விருதை அறிவித்தவர் விண்வெளி வீரர் ஷெல் லிண்ட்கிரன், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து காணொளியில். 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' ஜெயித்தது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹியூகோ பெறுவது அதுவே முதல் தடவை. அந்த வருடத்தின் நல்ல செய்தி அதுதான், ஒருவர் மனசாட்சிப்படி விலகியதால் கிடைத்த செய்தி.

மற்றபடி அந்த ராத்திரி கசப்பானது. குறுநாவல், சிறுகதை, தொடர்புடைய நூல், இரண்டு இதழாசிரியர்–பதிப்பாசிரியர் பிரிவுகள், இந்த ஐந்திலும் 'விருது இல்லை' ஜெயித்தது. அதுவரை விருதின் மொத்த வரலாற்றிலும் ஐந்து முறைதான் அப்படி நடந்திருந்தது, கடைசியாக 1977இல். அரங்கில் கைதட்டல். பேயன் பதிப்பகத்தின் டோனி வைஸ்காப் மாதிரி, பல வருட உழைப்பு உள்ள பதிப்பாசிரியர்கள் அணிப் பட்டியலில் இருந்த ஒரே காரணத்துக்காகத் தோற்றார்கள், அதற்கும் கைதட்டல். பரிந்துரை பெற்றவர்களுக்கு மரத்தில் செய்த நட்சத்திரக் குறி வில்லைகளைக் கொடுத்தார்கள், உங்கள் பரிந்துரைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு என்று குத்திக்காட்டுவதாகப் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள், அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. கைதட்டியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் ஆசிரியரின் பெயர் வாசிக்கப்பட்டு அவருக்கு விருது மறுக்கப்படும்போது கைதட்டுவது ஒரு வாசகர் கூட்டம் செய்கிற காரியம் இல்லை. அந்த ராத்திரியே ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் விருந்தில், பட்டியல் அரசியலால் இடமிழந்தவர்களுக்கு 'ஆல்ஃபி' என்று சொந்தமாக ஒரு பரிசு கொடுத்தார், 1953இல் முதல் நாவல் விருது வாங்கிய ஆல்ஃப்ரெட் பெஸ்டர் பெயரில்.

ஆக இறுதிச் சுற்று விருதைக் காப்பாற்றியது உண்மை, ஐந்து பிரிவுகளில் அந்த வருடத்தைப் பறிகொடுத்து.

ஒரு ஓட்டை உடைத்துப் பங்கிடுவது

இதற்கு மாற்றாக வந்த திட்டத்தின் பெயர் 'இ ப்ளூரிபஸ் ஹியூகோ'. தேர்தல் முறைகளை ஆராய்கிற ஜேம்சன் குவின், பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னியர், இன்னும் சில ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். இதன் வேலை எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ரொம்ப அழகான யோசனை.

ஒருவர் ஒரு பிரிவில் எத்தனை பெயர் எழுதினாலும் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஐந்து பெயர் எழுதினால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. எல்லாச் சீட்டையும் கூட்டி, புள்ளியில் கடைசியாக இருக்கும் இரண்டு கதைகளை எடுத்து, அந்த இரண்டில் எது குறைவான பேரால் பரிந்துரைக்கப்பட்டதோ அதை நீக்குவார்கள். நீங்கிய கதைக்குப் போன பங்கு அந்தந்த வாக்காளரின் மிச்சக் கதைகளுக்குத் திரும்பிவிடும். இறுதிப் பட்டியலுக்கு வேண்டிய எண்ணிக்கை வரும்வரை இப்படியே.

ஒரு கணக்குக்கு, 200 பேர் அணியாக ஒரே ஐந்து கதையை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் ஒவ்வொரு கதைக்கும் 200 ஓட்டு, ஐந்து இடமும் அவர்களுக்கே. புதிய முறையில் ஒவ்வொன்றுக்கும் 40 புள்ளிதான். வெளியே 120 பேருக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அந்த 120 பேரும் எழுதிய மற்ற கதைகள் வேறு வேறு என்பதால் அவை சீக்கிரமே நீங்கிவிடும், அவர்கள் புள்ளி மொத்தமும் மெல்ல மெல்ல இந்தக் கதைக்கு வந்து சேர்ந்து நூறைத் தொடும். அப்போது கடைசி இரண்டாக நிற்பது அணியின் கதைகளே. அவை ஒன்றோடொன்று மோதி ஒன்று விழும், மீதி நான்குக்கும் 50 புள்ளி, இன்னொன்று விழும், மூன்றுக்கும் 66 சொச்சம். இப்படிப் போனால் அணிக்கு ஒன்றோ இரண்டோ இடம் நிற்கும். 200 பேர் என்பதும் ஒரு கூட்டம்தானே, அவர்களுக்கு உரிய பங்கு கிடைக்கிறது, முழுப் பட்டியல் கிடைக்காது. யார் நல்லவர், யார் அணி என்று எந்த மனிதரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

2015 பொதுக்குழுவில் ஒரு தடவை, 2016 கான்சாஸ் சிட்டியில் இன்னொரு தடவை என நிறைவேறி 2017 ஹெல்சின்கி மாநாட்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கூடவே, பரிந்துரைப்பது ஐந்து, இறுதிப் பட்டியலில் ஆறு என்ற மாற்றமும். இடைப்பட்ட 2016இல் பழைய விதியிலேயே இன்னொரு சுற்றுப் பட்டியல் அரசியல் நடந்து, இரண்டு பிரிவுகளில் 'விருது இல்லை' வந்தது. அதே வருடம் என். கே. ஜெமிசின் நாவல் விருது வாங்கினார், அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். 2017, 2018இலும் அவரே. தொடர்ந்து மூன்று முறை நாவல் விருது வேறு யாரும் வாங்கியதில்லை.

ஒரு சின்ன விஷயம், இப்போது யாரும் அதிகம் பேசாதது. 2015 பொதுக்குழு, பரிந்துரைச் சீட்டுகளைப் பெயர் நீக்கிப் பொதுவில் வெளியிடும்படி ஒரு தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டது. வாக்காளரின் அந்தரங்கம் கெடும் என்று நிர்வாகிகள் அதைப் பொதுவில் வைக்கவில்லை, புதிய முறையைச் சோதிக்க ஆய்வாளர்களிடம் மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பெயர் கொண்ட பட்டியலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற அச்சம் நியாயமானது. இருந்தாலும் அந்தக் கதவை அப்படியே சாத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

செங்டு

2021 டிசம்பரில் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த இடத்தேர்வில் செங்டுவுக்கு 2,006 ஓட்டு, கனடாவின் வினிபெக்குக்கு 807. சீனாவிலிருந்து வந்த சீட்டுகளில் பலவற்றில் தெரு முகவரி இல்லை என்று தகராறு கிளம்பியது, கடைசியில் முடிவு நின்றது. செங்டு இதற்குத் தகுதியான ஊர்தான், 'கேஹுவான் ஷிஜியே' என்ற புகழ்பெற்ற அறிவியல் புனைகதை இதழ் 1979 முதல் அங்கிருந்துதான் வருகிறது. மாநாட்டுக்கென்றே ஜாஹா ஹதீத் நிறுவனத்தின் வடிவமைப்பில் ஏரிக்கரையில் ஓர் அருங்காட்சியகம் ஏறத்தாழ ஒரே வருடத்தில் எழும்பியது. 2023 அக்டோபர் 18 முதல் 22 வரை மாநாடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஹாய் யா என்ற சீன எழுத்தாளர் ஒரு கதை விருதை வென்றார். போனவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

அப்புறம்தான் ஜனவரி 20.

கோப்பு வெளியானதும் ரசிகர்கள் அதைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். ஹெதர் ரோஸ் ஜோன்ஸ் என்ற எழுத்தாளர் பல வருடத்துப் பரிந்துரை எண்களை ஒன்றாக வைத்து வரைபடம் போட்டார். சாதாரணமாக முதலிடத்திலிருந்து கீழே வரவர எண்ணிக்கை சரிவாக இறங்கும். செங்டுவில் பல பிரிவுகளில் மேலே சில பெயர்களுக்கு மிகப் பெரிய எண்ணிக்கை, உடனே செங்குத்தாக ஒரு வீழ்ச்சி, வேறு எந்த வருடத்திலும் அப்படி இல்லை. மனிதர்கள் தனித்தனியாக யோசித்து எழுதிய சீட்டுகளில் அந்த மாதிரி உருவம் வருவது கடினம். 'தகுதியில்லை' என்ற நான்கைந்து பெயர்களைத் தாண்டி, எண்ணிக்கையிலேயே ஏதோ கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கிருந்து வலுத்தது.

பிப்ரவரி நடுவில் கிறிஸ் பார்க்லி, ஜேசன் சான்ஃபோர்ட் இருவரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விருதுக் குழுவில் இருந்த டயான் லேசி என்பவர், மனசு உறுத்தி, குழுவுக்குள் போன மின்னஞ்சல்களை அவர்களிடம் கொடுத்திருந்தார், தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். அந்த மின்னஞ்சல்களில் விருது நிர்வாகி டேவ் மெக்கார்ட்டி, சீனாவில் நடப்பதால் அங்குள்ள சட்டத்துக்கு உட்பட்டிருக்கிறோம், அரசியல் ரீதியாக உணர்ச்சிகரமானது எதுவானாலும் குறித்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். சீனா, தைவான், திபெத் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறார். குழுவினர் எழுத்தாளர்களின் சமூக ஊடகப் பதிவுகளைத் துழாவிக் குறிப்பு எழுதுகிறார்கள். பால் வைமர் திபெத்துக்குப் போனவர் என்று ஒரு குறிப்பு, அவர் போனது நேபாளத்துக்கு. 'பேபல்' பற்றி எழுதியவர், இதில் சீனாவைப் பற்றி நிறைய இருக்கிறது, நான் படிக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார். வருடத்தின் சிறந்த நாவல்களில் ஒன்றை நீக்கும் வேலையில், படிக்கவில்லை என்ற ஒப்புதல் ஒரு மின்னஞ்சலின் நடுவில் சும்மா வந்து போகிறது.

இதில் என்னை உலுக்கியது, இந்தக் குறிப்புகளைத் தயாரித்தவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த பழைய, அனுபவமுள்ள வேர்ல்ட்கான் தன்னார்வலர்கள் என்பது. பெய்ஜிங்கிலிருந்து யாரோ எழுத்தாளர்கள் பெயரைக் குறித்து அனுப்பிய உத்தரவு அந்த மின்னஞ்சல்களில் இல்லை. என்ன கேட்பார்களோ என்று இவர்களாகவே ஊகித்து முன்கூட்டியே வெட்டியிருக்கிறார்கள். சீன வாசகர்களுக்கு இழைத்த அநியாயம் வேறு. சீனத்தில் வெளிவந்த ஒரு பரிந்துரைப் பட்டியலை 'அணிப் பட்டியல்' என்று கருதி அதிலிருந்தவற்றை நீக்குவது பற்றிய பேச்சும் அந்த மின்னஞ்சல்களில் இருக்கிறது. 2015இல் அமெரிக்கர்கள் போட்ட அணிப் பட்டியலை விதியில் தடையில்லை என்று அப்படியே எண்ணினார்கள், அதுதான் முறை. முதல் தடவையாகப் பெருந்திரளாக ஓட்டுப் போட வந்த சீன ரசிகர்களின் சீட்டுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா?

'இ ப்ளூரிபஸ் ஹியூகோ' இங்கே எதற்கும் உதவவில்லை. எண்ணுகிறவர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொண்டு கட்டிய முறை அது, எண்ணுவதற்கு முன்பே சீட்டில் கை வைத்தால் எந்தச் சூத்திரமும் பயன்படாது. குட்டு வெளிப்பட்டதற்குக் காரணம் 90 நாள் விதி. வெளியிடாமல் இருக்க வழியில்லை, வெளியிட்டார்கள், எண்களின் உருவமே சந்தேகத்தைக் கிளப்பியது, அந்தச் சந்தேகம்தான் மின்னஞ்சல் வரை கொண்டுபோனது.

விளைவுகள் வேகமாக வந்தன. ஜனவரி கடைசியிலேயே, வேர்ல்ட்கான் பெயருரிமையைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பிலிருந்து மெக்கார்ட்டி விலகினார், அந்த அமைப்பு அவருக்குக் கண்டனமும் தெரிவித்தது, அதன் தலைவரும் விலகினார். 2023இல் ஜெயித்த ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கி, சமந்தா மில்ஸ் இருவரும் அந்த வெற்றியை இனி ஹியூகோ வெற்றி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம் என்று அறிவித்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்கள் மீது தப்பும் இல்லை.

கிளாஸ்கோவும் அதற்குப் பிறகும்

2024 கிளாஸ்கோ மாநாட்டின் விருது நிர்வாகி செங்டு குழுவிலும் இருந்தவர் என்பதால் விலகிக்கொண்டார். புதிய குழு, எதையாவது தகுதியில்லை என்று நீக்கினால் இறுதிப் பட்டியலோடு சேர்த்தே காரணத்தையும் வெளியிடுவோம் என்று சொன்னது. ஜூலையில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் அவர்களே முன்வந்து ஓர் அறிக்கை விட்டார்கள்: மொத்தம் 3,813 இறுதி ஓட்டுகளில் 377 போலி, அவற்றை நீக்கிவிட்டோம். வரிசையாக ஒவ்வொரு எழுத்தாக மாறிவரும் பெயர்கள், தொடர் எண்களை மொழிபெயர்த்துப் பெயராக்கிய பெயர்கள் எல்லாம் வாக்காளர் பட்டியலில் இருந்தன. சொன்னபடி ஓட்டுப் போட்டால் சந்தாப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒருவர் ஏற்பாடு செய்திருந்ததாகவும் தகவல் வந்தது. அந்த ஓட்டுகளால் பயன்பெற்றிருக்கக்கூடியவருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அவர் பெயரை வெளியிடவில்லை, அவரைப் போட்டியிலிருந்து நீக்கவும் இல்லை. என்ன செய்தோம், எத்தனை, ஏன், மூன்றும் ஒரே பக்கத்தில். செங்டுவுக்குப் பிறகு வாசகர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். அந்த வருடம் எமிலி டெஷ் நாவல் விருது பெற்றார். இறுதிப் பட்டியலில் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலும் இருந்தது, அதே வருடம் நெபுலா விருது பெற்ற புத்தகம். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

2025 சியாட்டில் மாநாட்டில் அரங்கப் பேச்சாளர்களைச் சரிபார்க்க சாட்ஜிபிடி பயன்படுத்தினார்கள் என்று தெரிந்து சண்டை வந்தது, விருது நிர்வாகத்தில் இருந்த மூன்று பேர் விலகினார்கள். விருது எண்ணிக்கையில் அது பயன்படவில்லை. ஆனாலும் நம்பிக்கை விஷயத்தில் இப்போது யாரும் சும்மா இருப்பதில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஒன்று மட்டும் அடியோடு தீரவில்லை. அந்தந்த வருட மாநாட்டுக் குழுவே விருது எண்ணிக்கையையும் நடத்தும் என்ற ஏற்பாட்டின் மேல்தான் செங்டு நடந்தது. அதாவது மாநாடு நடக்கிற நாட்டின் சட்டமும், அந்த ஊர்க் குழுவின் பயமும் எண்ணும் மேசைக்கு நேராக வந்துவிட அந்த ஏற்பாடு வழிவிடுகிறது. எண்ணிக்கையை மாநாட்டுக் குழுவிடமிருந்து பிரித்து, இன்னொரு நாட்டில் இருக்கும் ஒரு குழுவிடமும் சீட்டுகளின் நகலை வைக்க வேண்டும். 2015இல் கேட்டுக் கிடைக்காத, பெயர் நீக்கிய சீட்டுத் தரவையும், அந்தரங்கத்துக்கு வழி கண்டு, வெளியிட வேண்டும். திருத்தம் என்றால் இரண்டு பொதுக்குழு, இரண்டு வருடம். அதுவரை 90 நாள் விதியைத் தவிர வாசகர் கையில் வேறு பிடி இல்லை.